இயற்பியல் பரிசோதனையில் மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையில் மெக்கானிக்கல் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மோத விடும் எல்.எச்.சி. வளையத்தில், மோதலில் பிறக்கும் துகள்களைப் பதிவு செய்யும் அட்லஸ் டிடெக்டருக்குப் புதிய சிலிக்கான் டிராக்கர் (துகள் போன பாதையைக் காட்டும் சென்சார் அடுக்குகள்) செய்கிறார்கள், அதன் தாங்கிகளும் குளிரூட்டும் பாகங்களும் எங்கள் குழுவின் பங்கு. கல்லூரி ஜூனியர்கள், கார் கம்பெனியிலிருந்து மாற நினைப்பவர்கள், புதிதாகச் சேர்ந்து திணறுபவர்கள் என்று எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல என்ன வேலை இருக்கு?

நிறைய இருக்கிறது. எவ்வளவு ஆழமான கோட்பாடாக இருந்தாலும், அதைச் சோதிக்க வேண்டும் என்றால் கடைசியில் ஒரு பொருளைக் கட்டியாக வேண்டும். அந்தப் பொருளுக்கு எடை உண்டு, அது தொய்யும், சூடாகும், அதிரும், கசியும். அட்லஸ் 46 மீட்டர் நீளம், 25 மீட்டர் உயரம், 7,000 டன். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சென்சாரையும் ஏதோ ஒன்றில் ஒட்டி, அதன் சூட்டை வெளியே எடுத்து, கேபிளுக்கு வழி விட்டு, பழுதானால் கை நுழைய இடமும் விட்டிருக்கிறார்கள். அதெல்லாம் நம் வேலை.

இவ்வளவு பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மூன்று பேர் கொண்ட லேசர் குழுவுக்கு ஒரு வேக்குவம் சேம்பர், ஒரு கண்ணாடியை அசையாமல் பிடிக்கும் மவுண்ட், ஒரு சாம்பிளைச் சுழற்றும் மேடை, இவையும் இதே வேலைதான். ஆரம்பிப்பவர்களுக்குச் சின்னக் குழுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். டிசைன் செய்வதும், செய்யக் கொடுப்பதும், வந்ததைப் பூட்டுவதும் எல்லாம் உங்கள் கையிலேயே நடக்கும்.

குவாண்டம் மெக்கானிக்ஸ் எல்லாம் தெரிஞ்சிருக்கணுமா?

வேண்டாம். ஆனால் உங்கள் பாகம் எந்த அளவீட்டைக் கெடுக்கக்கூடும் என்பது தெரிந்திருக்க வேண்டும். துகள் ஏன் பிறக்கிறது என்று தெரியாவிட்டாலும், அது உங்கள் பிராக்கெட் வழியாகப் போனால் திசை மாறும் என்பது தெரிய வேண்டும். அந்த அளவு இயற்பியலை வேலையில் சேர்ந்த பிறகே கற்றுக்கொள்ளலாம், கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பொருட்களின் வலிமை, வெப்பக் கடத்தல், உற்பத்தி முறைகள், இந்த மூன்றும் மறந்துபோயிருந்தால் முதலில் அவற்றைத் தூசி தட்டுங்கள்.

கார் கம்பெனில டிசைன் பண்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டு பெரிய வித்தியாசங்கள். ஒன்று, இங்கே பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் செய்வோம், மிஞ்சிப்போனால் சில நூறு. முன்மாதிரி செய்து, உடைத்துப் பார்த்து, திருத்தி, பிறகு லட்சக்கணக்கில் அச்சடிக்கும் பாதை இங்கே கிடையாது. பல சமயம் முன்மாதிரியே டிடெக்டருக்குள் போய்விடும். அப்புறம் பத்து வருடத்துக்கு அதைத் தொட முடியாது.

இரண்டாவதுதான் முக்கியம். கம்பெனியில் ஸ்பெசிஃபிகேஷன் என்று ஒரு காகிதம் கைக்கு வரும். இங்கே வராது. பேராசிரியர் வந்து "சென்சார் நகரக் கூடாது, குளிராக இருக்க வேண்டும், நடுவில் எதுவும் இருக்கக் கூடாது" என்பார். எவ்வளவு நகரலாம், எத்தனை வாட் சூடு, எந்தத் திசையில் எதுவும் இருக்கக் கூடாது, எவ்வளவு காலத்துக்கு என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எண்ணாக மாற்றுவது நாம். இந்த வேலையில் பாதி இதுதான், கணினியில் வரையும் கேட் (CAD) மாடல் மீதிப் பாதியில் ஒரு பகுதி. ஏன் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இந்த வேலை மிகவும் கஷ்டமாகிவிடும். கீழே வரும் பல பதில்களும் இங்கேதான் வந்து நிற்கும்.

எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?

எதுவாக இருந்தாலும் ஒன்றை நன்றாக. சாலிட்வொர்க்ஸ், இன்வென்டர், என்.எக்ஸ்., கேட்டியா எல்லாமே புழக்கத்தில் இருக்கின்றன. பத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்யும் பரிசோதனையில் பத்து விதமான கோப்புகள் வரும், கடைசியில் எல்லா சாஃப்ட்வேரும் படிக்கும் ஸ்டெப் கோப்பாக்கித்தான் பரிமாறுவார்கள். அனாலிசிஸுக்கு ஆன்சிஸ் அல்லது காம்சால்.

டிராயிங்கில் ஒரு விஷயம். பொருளின் பக்கத் தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்பதில் நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை, அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள் முறை. பல நாட்டு ஒர்க்‌ஷாப்களுக்கு டிராயிங் போகும்போது எந்த முறை என்று காட்டும் கூம்புச் சின்னத்தை விட்டுவிட்டால் பாகம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி வந்து சேரும்.

ஃபிசிசிஸ்ட் 10 மைக்ரான் வேணும்னு சொல்றார். அப்படியே டிராயிங்ல போட்டுடலாமா?

போடாதீர்கள். முதலில் அந்த 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எது என்று கேளுங்கள். மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்று, சென்சாரை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதன் துல்லியம். இன்னொன்று, வைத்த பிறகு அது எங்கே இருக்கிறது என்று நமக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பது. மூன்றாவது, அது அங்கேயே எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும் என்பது. சிலிக்கான் டிராக்கரில் சென்சார் சொன்ன இடத்திலிருந்து 100 மைக்ரான் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் பெரும்பாலும் பரவாயில்லை. ஆயிரக்கணக்கான துகள் பாதைகளை வைத்து அது உண்மையில் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டு எடுத்துவிடுவார்கள். ஆனால் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அது நகர்ந்துவிட்டால் கதை முடிந்தது. ஆக, அவருக்கு வேண்டியது நிலைத்தன்மை. நீங்கள் டிராயிங்கில் போட இருந்ததோ மெஷினிங் டாலரன்ஸ், அதாவது வெட்டும்போது அளவு எவ்வளவு விலகலாம் என்பது.

இந்தக் குழப்பத்துக்கு விலை அதிகம். 0.1 மி.மீ. டாலரன்ஸ் என்றால் பல்கலைக்கழக ஒர்க்‌ஷாப்பிலேயே முடித்துவிடலாம். 0.01 என்றால் கிரைண்டிங், வெப்பம் கட்டுப்படுத்திய அறை, சி.எம்.எம். என்ற துல்லிய அளவு மெஷினில் அளவீடு, வெளியே கொடுக்கும் செலவு, வாரக்கணக்கில் காத்திருப்பு. அதற்கும் மேலே ஒன்று: ஒரு மீட்டர் அலுமினியக் கட்டை ஒரு டிகிரி சூடேறினால் 23 மைக்ரான் நீளும். அறையின் வெப்பநிலையைச் சொல்லாமல் மீட்டர் நீளத்தில் 10 மைக்ரான் என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

நான் கேட்கும் கேள்வி எப்போதும் இதுதான்: "இது 50 மைக்ரானாக இருந்தால் உங்கள் அளவீட்டில் என்ன கெடும்?" பதில் உடனே வந்தால் அவர் யோசித்துச் சொன்ன எண். வரவில்லை என்றால் யாரோ ஒரு பழைய ஸ்லைடிலிருந்து எடுத்தது.

டிராயிங்கை ஒர்க்‌ஷாப்ல காட்டினா சிரிக்கிறாங்க. எங்கே தப்பு?

காட்டுகிற நேரம் தப்பாக இருக்கலாம். முடித்துவிட்டுக் காட்டாதீர்கள், பாதியிலேயே காட்டுங்கள். உதாரணமாக, ஒரு பாக்கெட் (உலோகத்தில் வெட்டும் குழி) 40 மி.மீ. ஆழம், உள்மூலை ரேடியஸ் 1 மி.மீ. என்று மாடலில் போட்டிருக்கிறீர்கள். அதை வெட்ட 2 மி.மீ. விட்டமுள்ள கட்டர் 40 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது வளையும், அதிரும், உடையும். அந்த மூலையில் எதுவும் உட்காரப் போவதில்லை என்றால் ரேடியஸை 5 ஆக்குங்கள், ஒரு மணி நேரத்தில் முடியும். இதை மில்லிங் மெஷின் பக்கத்தில் நிற்பவர் பத்து வினாடியில் சொல்லிவிடுவார். பல்கலைக்கழக ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன்களுக்கு இருக்கும் அனுபவம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, அவர்களை மதிக்காத இன்ஜினியர் இங்கே தேற மாட்டார்.

ஏன் எல்லாத்தையும் கார்பன் ஃபைபர்ல பண்றீங்க? ஸ்டீல் போதாதா?

எல்லாவற்றையும் இல்லை, டிராக்கருக்குள் மட்டும். மேலே சொன்ன "நடுவில் எதுவும் இருக்கக் கூடாது" என்பதன் அர்த்தம் இங்கே தெரியும். மின்னூட்டமுள்ள துகள் எந்தப் பொருள் வழியாகப் போனாலும் சின்னச் சின்னதாகச் சிதறும். எவ்வளவு என்பதற்குக் கதிர்வீச்சு நீளம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். இரும்புக்கு அது 1.76 செ.மீ., அலுமினியத்துக்கு 8.9 செ.மீ., பெரிலியத்துக்கு 35 செ.மீ. நீளம் கூடக் கூட நமக்கு நல்லது. கணக்குப் போட்டால், 1 மி.மீ. ஸ்டீல் கொடுக்கும் தொல்லையும் 5 மி.மீ. அலுமினியம் கொடுக்கும் தொல்லையும் 20 மி.மீ. பெரிலியம் கொடுக்கும் தொல்லையும் ஒன்று. எல்.எச்.சி. டிடெக்டர்களின் நடுவே துகள் கற்றை ஓடும் கதிர்க்குழாய் பெரிலியத்தில் இருப்பது இதனால்தான். ஆனால் அதன் தூசி நுரையீரலுக்கு விஷம், விலையும் அதிகம், அதனால் தாங்கிகளுக்குக் கார்பன் ஃபைபர்.

புதிய டிராக்கரில் சென்சார்கள் ஒட்டப்படும் பலகை ஒரு சாண்ட்விச்: மேலும் கீழும் மெல்லிய கார்பன் ஃபைபர் தகடு, நடுவே தேன்கூடு அமைப்பு, அதற்குள் சுமார் 2 மி.மீ. விட்டத்தில் டைட்டானியம் குழாய், குழாயைச் சுற்றி சூட்டைக் கடத்தும் கார்பன் ஃபோம். குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு கொதித்துக்கொண்டே ஓடும். கதிர்வீச்சால் பழுதான சிலிக்கான் சூடானால் அதில் கசியும் மின்னோட்டம் கூடும், அது இன்னும் சூடாக்கும், அப்படியே கட்டுமீறிப் போகும், அதனால் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாகக் குளிர்வித்தே ஆக வேண்டும். குளிரூட்டலை நிறுத்தி அந்தக் குழாய் அறைச் சூட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். 25 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 64 பார், காகிதம் போன்ற சுவர் கொண்ட அந்தக் குழாய் அதையும் தாண்டித் தாங்க வேண்டும்.

கார்பன் ஃபைபருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதிலிருக்கும் ரெசின் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சி ஊதும், உலர்ந்த வாயுவில் வைத்தால் சுருங்கும். அறையில் அளந்துவிட்டு உலர்ந்த டிடெக்டருக்குள் வைத்தால் அளவு மாறியிருக்கும். வெப்பத்தை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

வேக்குவம் சேம்பர்னா காத்து இல்லாத டப்பாதானே, அதுல என்ன டிசைன்?

முதலில் விசை. ஒரு மீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் காற்று மட்டும் சுமார் 8 டன் எடையை ஏற்றுகிறது. அடுத்தது வளைந்து நசுங்குவது. உள்ளே அழுத்தம் என்றால் சுவர் இழுபடும், வெளியே அழுத்தம் என்றால் சுவர் திடீரென்று ஒரு பக்கம் குழிந்து சரியும், தகைவு எவ்வளவு குறைவாக இருந்தாலும். சாதாரண லீனியர் ஸ்டாடிக் அனாலிசிஸ் இதைக் காட்டவே காட்டாது, பக்லிங் தனியாகப் பார்க்க வேண்டும். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோவின் 4 கி.மீ. குழாய்கள் 1.2 மீட்டர் விட்டம், சுவரோ சுமார் 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடுதான். வெளியே இடைவெளி விட்டு வளையங்கள் வெல்ட் செய்திருப்பதால்தான் நிற்கிறது. தகட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போவதைவிட வளையம் போடுவது எவ்வளவு மலிவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அப்புறம் கண்ணுக்குத் தெரியாத கசிவு. உள்ளே ஒரு குருட்டுத் துளையில் எம்6 போல்ட் போடுகிறீர்கள். போல்டின் நுனிக்குக் கீழே கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்ளும், அது மரை வழியாக நாள்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். பம்ப் ஓடும், அழுத்தம் இறங்காது, வெளியே ஹீலியம் ஊதி லீக் டிடெக்டரில் பார்த்தால் கசிவே இல்லை. காரணம் உள்ளேயே இருக்கிறது. துளையை மறுபக்கம் வரை விடுங்கள், அல்லது நடுவில் ஓட்டை போட்ட போல்ட் வாங்குங்கள். வெல்டிங்கும் இப்படித்தான்: உள்பக்கம் முழுதாகப் போட வேண்டும், வெளிப்பக்கமும் முழுசாகப் போட்டால் இரண்டுக்கும் நடுவே காற்று அடைபட்டுவிடும்.

சூடேற்றிக் காய வைக்கும் சேம்பராக இருந்தால் பித்தளை கூடாது, அதிலிருக்கும் துத்தநாகம் ஆவியாகி எல்லா இடத்திலும் படியும். காட்மியம் முலாம் பூசிய நட்டும் கூடாது. தாமிர காஸ்கெட் போடும் பிளேஞ்சில் கத்தி முனை மாதிரி ஒரு விளிம்பு இருக்கும், அதன் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பிளேஞ்ச் போயிற்று. அதனால் மூடியைக் கழற்றி எந்தப் பக்கம் கீழே வைப்பார்கள் என்பதையும் டிசைன் செய்யும்போதே யோசியுங்கள்.

குளிர வெச்சா சுருங்கும். அவ்ளோதானே?

சுருங்குவது பிரச்சினை இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் சுருங்குவதுதான் பிரச்சினை. அறை வெப்பத்திலிருந்து திரவ ஹீலியத்தின் 4 கெல்வினுக்கு இறக்கினால், ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 4 மி.மீ. சுருங்கும், ஸ்டெயின்லெஸ் சுமார் 3, இரும்பு-நிக்கல் கலவையான இன்வார் அரை மி.மீ.கூட இல்லை, டெஃப்லானோ சுமார் 20. அலுமினியத் தகட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் இறுக்கிக் குளிர்வித்தால் தகடு அதிகம் சுருங்கி போல்ட் லூசாகிவிடும், வெப்பத் தொடர்பு போய்விடும். அடியில் ஒரு இன்வார் வாஷர் சரியான தடிமனில் போட்டால் நிலைமை தலைகீழாகி இறுக்கம் கூடும். தட்டையான வாஷருக்குப் பதில் ஸ்பிரிங் வாஷர் அடுக்குவது இன்னொரு வழி.

எல்.எச்.சி. காந்தங்கள் 1.9 கெல்வினில் ஓடுகின்றன. வளையத்தின் ஒரு வளைவுப் பகுதி 3 கி.மீ.க்கு மேல், அது குளிரும்போது மொத்தமாகச் சுமார் 10 மீட்டர் சுருங்கும். ஒவ்வொரு காந்த இணைப்பிலும் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் குழாய்) வைத்து அதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 2007-ல் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்பச் சூடாக்கியபோது, பெல்லோஸுக்குள் மின்தொடர்புக்காக வைத்திருந்த மெல்லிய தாமிர விரல்களில் சில மடங்கிக் கதிர்க்குழாய்க்குள் நீட்டிக்கொண்டன. எங்கே என்று பார்க்க எல்லாவற்றையும் பிரிக்க முடியுமா? பிங்பாங் பந்து அளவில் ஒரு பந்துக்குள் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து, குழாய்க்குள் காற்றால் ஓட விட்டு, எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். குளிர்விக்கும்போது மட்டுமில்லை, திரும்பச் சூடாகும்போதும் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதே, அப்புறம் ஏன் காந்தத்துக்குப் பக்கத்துல வேண்டாங்கிறாங்க?

304 ரகத்தை வளைத்தாலோ, குளிர்ந்த நிலையில் இழுத்தாலோ, வெல்ட் செய்தாலோ கொஞ்சம் காந்தத் தன்மை வந்துவிடும். 316 ரகம் மேல், டைட்டானியம் இன்னும் மேல். போல்ட்டுகளைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள், மரை உருட்டும்போதே அவை நன்றாக நசுக்கப்பட்டவை. சோதித்துப் பார்க்கச் சட்டைப் பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டீரியல்ல ரேடியோஆக்டிவிட்டி பார்க்கணும்னு சொல்றாங்க. சாதாரண இரும்புல ஏது கதிர்வீச்சு?

பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கரும்பொருளைத் தேடுவது மாதிரியான பரிசோதனைகளுக்கு அதுவே தலைவலி. ஸ்டீலில் கோபால்ட்-60 தடயமாக இருக்கும், எல்லாப் பொருளிலும் யுரேனியம், தோரியம் கொஞ்சம் இருக்கும். டங்ஸ்டன் வெல்டிங் குச்சியில் தோரியம் சேர்த்த ரகம் உண்டு, அதை எடுத்து வெல்ட் செய்தாலே சுத்தமான உலோகம் கெட்டுப்போகும். ஆகவே டிராயிங்கில் எந்தக் குச்சி என்றுகூட எழுதுவார்கள். அமெரிக்காவில் கரும்பொருளைத் தேடும் எல்.இசட். பரிசோதனையின் குளிர்கலத்துக்குக் கதிரியக்கம் மிகக் குறைந்த டைட்டானியத்தைத் தேடிப் பிடித்தார்கள். இத்தாலியில் நியூட்ரினோ துகளை ஆராயும் குவோர் பரிசோதனைக்குக் கவசமாக இருப்பது சார்டினியா தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த ஈயம். சுமார் 2,000 வருடம் கடலடியில் கிடந்ததால் அதிலிருந்த கதிரியக்க ஈயம்-210 சிதைந்து தீர்ந்துவிட்டது.

டிசைன் முடிஞ்சுது. இதை உள்ளே கொண்டு போறது யார் பிரச்சினை?

உங்கள் பிரச்சினை, அதுவும் முதல் நாளிலிருந்து. எல்.இசட். இருப்பது தெற்கு டகோட்டாவில் பழைய தங்கச் சுரங்கத்தில், சுமார் 1.5 கி.மீ. ஆழத்தில். கீழே போக ஒரே வழி சுரங்கத்தின் லிஃப்ட் கூண்டு, அதனால் வெளிக்கலத்தை அந்தக் கூண்டில் போகிற அளவுத் துண்டுகளாகத்தான் டிசைன் செய்தார்கள். உள்கலம் மட்டும் டிடெக்டரோடு சேர்ந்தே 2019-ல் மெதுவாக இறங்கியது.

ஜெர்மனியில் நியூட்ரினோவின் நிறையை அளக்கும் காட்ரின் பரிசோதனைக்கு 10 மீட்டர் விட்டம், 23 மீட்டர் நீளம், 200 டன் எடையில் ஒரு வேக்குவம் கலம். செய்த இடம் டெகன்டார்ஃப், போக வேண்டிய இடம் கார்ல்ஸ்ரூ, நடுவே சுமார் 400 கி.மீ. அந்தச் சாலைகளில் அது போகவே முடியாது. 2006-ல் டான்யூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், பிறகு ரைன் ஆறு என்று கிட்டத்தட்ட 9,000 கி.மீ. சுற்றிக் கொண்டுவந்தார்கள். கடைசியில் ஒரு கிராமத் தெருவில் இரண்டு பக்கமும் வீட்டுக் கூரைகளை உரசாமல் நகர்ந்த படம் உலகம் முழுக்கப் பிரபலம். உங்கள் பரிசோதனை இவ்வளவு பெரிதில்லை என்றாலும், லேபின் கதவு அகலம், தரை தாங்கும் எடை, கிரேன் கொக்கியின் உயரம், இந்த மூன்றையும் போய் டேப் வைத்து அளந்துவிட்டு மாடலைத் திறங்கள். கட்டடத்தின் டிராயிங்கை நம்பாதீர்கள்.

எஃப்.இ.ஏ.ல எல்லாம் பச்சையா வந்துடுச்சு. அப்புறம் ஏன் ரிவ்யூல துருவுறாங்க?

எஃப்.இ.ஏ. என்பது பாகம் விசையைத் தாங்குமா என்று கணினியில் போடும் கணக்கு, பச்சை என்றால் தாங்கும். ஆனால் நீங்கள் போட்ட விசைக்குத்தான் அது பச்சை. போடாமல் விட்ட விசைக்குச் சாஃப்ட்வேர் பதில் சொல்லாது. 2007 மார்ச்சில் எல்.எச்.சி. சுரங்கத்தில் ஒரு காந்தத் தொகுப்பில் அழுத்தச் சோதனை செய்யும்போது உள்ளே இருந்த தாங்கி உடைந்தது. அமெரிக்காவின் ஃபெர்மிலாப் செய்து கொடுத்த காந்தம் அது. அழுத்தம் ஏறும்போது நீளவாக்கில் ஒரு பக்கமாகத் தள்ளும் விசை வரும் என்பது டிசைன் கணக்கில் சேரவில்லை, அடுத்தடுத்து நடந்த பல ரிவ்யூக்களிலும் யாரும் பிடிக்கவில்லை. கடைசியில் இன்வார் கம்பியும் அலுமினியக் குழாயும் சேர்ந்த தாங்குகம்பிகளைக் கூடுதலாகப் போட்டுச் சரிசெய்தார்கள். வெப்பம் மாறினாலும் பிடிமானம் மாறாத அமைப்பு அது, குளிர்விப்பது பற்றிய கேள்வியில் பார்த்த சுருக்கத்தை அவர்கள் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அந்த விசையைக் கண்டுபிடிக்கக் கணினியே வேண்டாம். அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் போதும்: 200 மி.மீ. விட்டமுள்ள பெல்லோஸில் 20 பார் என்றால் 6 டன்னுக்கு மேல். அதனால் மாடலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் பொருளைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டும் எல்லா விசைகளையும் எழுதுங்கள். எடை, வேக்குவம், அழுத்தம், காந்த விசை, சுருக்கம், தூக்கும்போது சாய்வது, போக்குவரத்து அதிர்ச்சி, யாராவது அதன் மேல் ஏறி நிற்பது. ரிவ்யூவில் துருவுகிறவர் உங்களுக்கு நல்லது செய்கிறார்.

பேப்பர்ல நம்ம பேர் வருமா?

அந்தந்தக் கூட்டமைப்பின் விதியைப் பொறுத்தது. 2015-ல் அட்லஸும் எல்.எச்.சி.யின் இன்னொரு டிடெக்டரான சி.எம்.எஸ்.ஸும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வெளியிட்ட கட்டுரையில் 5,154 பேர் இருந்தார்கள், ஆனாலும் டிடெக்டரைக் கட்டிய இன்ஜினியர்களில் பலர் அதில் இல்லை. கருவியைப் பற்றிய தொழில்நுட்பக் கட்டுரைகளில் சுலபமாக வரும், அதைச் சேர்ந்த புதிதிலேயே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் யாருக்கும் தோன்றாது. இது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். செர்னில் வேலை செய்து 1984-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்த சைமன் வான் டெர் மீரே பொறியாளராகப் பயிற்சி பெற்றவர்தான்.

காண்ட்ராக்ட் வேலைதானாமே? திரும்ப இண்டஸ்ட்ரிக்குப் போக முடியுமா?

ஆமாம், பெரும்பாலும் மானியக் காலத்துக்கு மட்டும், இரண்டு மூன்று வருடத் துண்டுகளாக. சம்பளமும் கம்பெனியைவிடக் குறைவுதான். குடும்பப் பொறுப்பு இருப்பவர்கள் இதை யோசித்தே வர வேண்டும். திரும்பப் போவது கஷ்டமில்லை. வேக்குவம், குளிர்நிலை, துல்லிய மெஷினிங் தெரிந்தவர்களை செமிகண்டக்டர், விண்வெளி, எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் செய்யும் கம்பெனிகள் தேடுகின்றன.

இந்தியால இந்த மாதிரி வேலை இருக்கா?

இருக்கிறது, அதுவும் பெருமைப்படும் அளவுக்கு. எல்.எச்.சி.யின் 15 மீட்டர் நீள, 30 டன்னுக்கு மேற்பட்ட இருமுனைக் காந்தங்கள் ஒவ்வொன்றும் மூன்று ஜாக்குகள் மேல் நிற்கின்றன. நூறில் சில பங்கு மி.மீ. துல்லியத்துக்கு நகர்த்தக்கூடிய அந்த ஜாக்குகள் சுமார் 7,000, இந்தியா செய்து கொடுத்தவை. ஊட்டியில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 இருக்கிறது, அதன் மியுவான் டிடெக்டரில் 3,712 ஆறு மீட்டர் நீளக் கவுண்டர்கள். மதுரையில் நியூட்ரினோ டிடெக்டருக்கான முன்மாதிரியாக மினி-ஐ.சி.ஏ.எல். என்ற 85 டன் இரும்புக் காந்தம் ஓடுகிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியாவுக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான பொது முடுக்கி மையம், இந்தோர், கொல்கத்தா மையங்கள் எல்லாம் இன்ஜினியர்களை எடுக்கின்றன. அவர்களின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க?

ஒரு பாகத்தைக் கையில் கொடுத்து "இதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்பார்கள். வேக்குவம் மூடியின் விசையைத் தாளில் போடச் சொல்வார்கள். ஒரு தேவையை வேண்டுமென்றே அரைகுறையாகச் சொல்லி, நீங்கள் திருப்பிக் கேள்வி கேட்கிறீர்களா என்று பார்ப்பார்கள். கல்லூரிப் புராஜெக்டில் உங்கள் கையால் செய்த ஒரு பாகத்தின் படம் இருந்தால் கொண்டுபோங்கள், ரெண்டரிங் படங்களைவிட அது பேசும்.

பாதி செஞ்சப்புறம் தேவையையே மாத்திட்டாங்க. இப்ப என்ன பண்றது?

இது நடக்கும், ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். கோபப்படாமல் இரண்டு எண்களைச் சொல்லுங்கள்: இந்த மாற்றத்தால் எத்தனை வாரம் தள்ளும், ஏற்கெனவே வெட்டிய எந்தெந்தப் பாகம் வீண். முடிவு அவர்களுடையது, விலை தெரிந்து எடுக்கட்டும். பல மாற்றங்கள் அந்த இடத்திலேயே கைவிடப்படும்.

முன்கூட்டியே செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் எந்த இடம் சொந்தம் என்று எல்லை வரைந்து, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். பெரிய காஸ்டிங், குளிர்கலம் மாதிரி வர மாதக்கணக்கில் ஆகும் பாகங்களை முதலில் உறுதிசெய்யுங்கள், பிராக்கெட்டுகள் பின்னால் வரட்டும். பிராக்கெட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை வைத்தால் போகிற இடத்தில் நீள்துளை வையுங்கள். வேக்குவம் சேம்பரில் இப்போது யாரும் கேட்காவிட்டாலும் இரண்டு போர்ட் கூடுதலாக வைத்து மூடிவிடுங்கள். சேம்பர் கட்டி முடித்து, உள்ளே சுத்தம் செய்து, பம்ப் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு வெப்பமானியோ கேமராவோ உள்ளே விட வேண்டும் என்று நிச்சயம் யாராவது வருவார்கள், அப்போது வெல்டிங் போட முடியாது.